வெளியே வராத பீரோ

என் சகலைக்கு வெளியில் 'டேப்' என்று பெயர். வீடு மாற்றிக் கொடுப்பது தொழில். சொந்தமாக ஒரு லாரி, கூட வேலை செய்ய சில ஆட்கள், இடுப்பில் எப்போதும் தொங்கும் ஒரு பழுப்பு டேப் சுருள். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதல் வேலையாக பீரோ, மேஜை என்று எல்லாக் கதவுகளையும் டேப் போட்டு ஒட்டிவிடுவார். உள்ளே என்ன இருக்கிறதென்று எட்டிக்கூடப் பார்க்கமாட்டார். ஒருமுறை என் வீட்டுக்குச் சாப்பிட வந்தவர், பேச்சு சுவாரசியத்தில் என் அலமாரியை ஒட்டிவிட்டுப் போனார். மறுநாள் காலை சட்டைக்காக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஊரையே குடியேற்றி வைத்த இந்த மனிதருக்குச் சொந்த வீடு இல்லை. அவர் மனைவி, அதாவது என் மனைவியின் அக்கா, கல்யாணமான நாளிலிருந்து துணிமணியை அட்டைப்பெட்டிகளில்தான் வைத்திருந்தார். "எடுத்து அடுக்கினா மறுபடியும் கட்டணும். எதுக்கு?" என்பார். ஒரு புடவை வேண்டுமென்றால் மூன்று பெட்டிகளை இறக்கி வைத்துத் தேட வேண்டும். அக்காவுக்கு நகை ஆசை கிடையாது. எல்லாப் பெட்டியையும் ஒரே நாளில் பிரித்துவிட வேண்டும், திரும்பக் கட்டவே கூடாது, அது ஒன்றுதான் ஆசை. சகலைக்கும் அது தெரியும். அதற்காகத்தான் முதுகொடிய உழைத்தார்.

ஒரு வழியாக வீடு அமைந்தது. கடிகாரக் கடை வைத்திருந்த ஒரு பெரியவரின் வீடு. சாமானையெல்லாம் மகன் வீட்டுக்கு அனுப்பிவிட்டுச் சாவியோடு காத்திருந்தார். பதிவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. சகலை வாடகை வீட்டைக் காலி செய்தார். அங்கே புதிதாகக் குடி வந்தவர்களின் சாமானை ஏற்றி இறக்கியதும் இவர்தான்! வந்த வேலையை விடுவானேன் என்று தன் இடத்தில் இன்னொருவரைத் தன் கையாலேயே குடிவைத்துவிட்டு, தன் சாமானை லாரியில் ஏற்றிக்கொண்டு, ஒத்தாசைக்கு என்னையும் அழைத்துக்கொண்டு புது வீட்டு வாசலுக்கு வந்து நின்றார்.

அங்கே பத்திர வேலைக்குச் சகலை அமர்த்தியிருந்த வக்கீலம்மா நின்றுகொண்டிருந்தார்.

"ஒரு சின்ன விஷயம்," என்றார்.

வக்கீல்கள் பெரிய விஷயத்தை வேறு எப்படியும் சொல்வதில்லை. வீடு கடிகாரக்காரரின் அம்மா பேரில் இருந்தது. அந்த அம்மா உயில் எழுதாமல் போய்விட்டார். கடைசி நேரத்தில் வந்து சேர்ந்த வாரிசுச் சான்றிதழில் கடிகாரக்காரரின் தங்கை பெயரும் இருந்தது. தங்கையும் கையெழுத்துப் போடாமல் பத்திரம் செல்லாது.

"தங்கச்சி இருக்கறதை முன்னாடியே சொல்லக்கூடாதா சார்?" என்று கேட்டேன்.

"பேச்சுவார்த்தை இல்லை. அதான் ஞாபகம் வரலை," என்றார் கடிகாரக்காரர். கூடப் பிறந்தவளை மறக்கிற ஞாபகத்தை வைத்துக்கொண்டு இத்தனை காலம் எப்படி மணி பார்த்தாரோ.

கையெழுத்து ஆகும்வரை ஒரு டம்ளர்கூட உள்ளே போகக்கூடாது என்று வக்கீலம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். லாரி வாசலிலேயே நின்றது. அக்கா குடும்பம் என் வீட்டுக்கு வந்தது. என் வீட்டில் இருப்பது ஒரே ஒரு குளியலறை. அதற்குமேல் சொல்ல விரும்பவில்லை. இனி இந்தக் கையெழுத்து எனக்கும் வாழ்வா சாவா பிரச்சினை.

நானும் சகலையும் தங்கச்சியம்மாவைப் பார்க்கப் போனோம். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாம் மாடி. முழங்கால் ஒத்துழைக்காததால் அவர் கீழே இறங்கியே வெகுகாலம் ஆகியிருந்தது. காபி கொடுத்தார், நன்றாகப் பேசினார். பங்குப் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"கையெழுத்துத்தானே? தாராளமா போடறேன். எங்கம்மாவோட மர பீரோ அங்க இருக்கு. அது இங்க வரட்டும்."

இதுதானா என்று சகலைக்கு உச்சி குளிர்ந்துபோனது. இவர் தூக்காத பீரோவா? நேராக வீட்டுக்கு வந்து உள்ளறைக்குள் போனோம். காலி வீட்டில் அது மட்டும் தனியாக நின்றது. சகலை அதை அளந்தார், அறை வாசலை அளந்தார், ஜன்னலை அளந்தார், மறுபடியும் பீரோவை அளந்தார். பிறகு அளவு நாடாவைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"இதை ரூமுக்குள்ளயே வெச்சு செஞ்சிருக்காங்க சகலை. வெளிய வராது."

"அதைத்தான் நான் அப்பவே அவகிட்ட எத்தனையோ தடவை சொன்னேன். நம்பலை. அதுலதான் பேச்சே நின்னுபோச்சு," என்றார் கடிகாரக்காரர்.

அறுத்துத் துண்டு துண்டாகக் கொண்டுபோகலாமா என்று போனில் கேட்டோம். "எங்கம்மாவையே அறுக்கற மாதிரி" என்று தங்கச்சியம்மா சத்தம் போட்டார். சுவரை இடிக்கலாமா என்று வக்கீலம்மாவைக் கேட்டோம். "உங்க பேருக்கு வராத வீட்டை எப்படி இடிப்பீங்க? அதுக்கு ரெண்டு வாரிசும் சம்மதக் கையெழுத்துப் போடணும்," என்றார். அதையும் தங்கச்சியம்மாவிடம் சொன்னோம். "பீரோ வரட்டும், ரெண்டு கையெழுத்தையும் சேர்த்தே போடறேன்," என்றார்.

பீரோ வர சுவர் இடிய வேண்டும், சுவர் இடியக் கையெழுத்து வேண்டும், கையெழுத்துக்குப் பீரோ வேண்டும். எனக்குத் தலை சுற்றியது. அக்கா லாரியின் பின்கதவைத் திறந்து, பெட்டிகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூடினார். அதைப் பார்த்த சகலையின் முகம் வாடிப்போனது. பத்துப் பேர் திட்டியிருந்தாலும் அவர் அப்படி வாடியிருக்கமாட்டார்.

மறுநாள் காலை பல் துலக்கிக்கொண்டே சகலை சொன்னார்: "பீரோ அங்க வராது, சரி. அந்தம்மா இங்க வரலாமே?"

"முழங்கால்?"

"பியானோவுக்கு முழங்காலா இருக்கு? நான் மாடியிலேர்ந்து இறக்கலை?"

சாமான் தூக்கும் பட்டைகளோடு கிளம்பினோம். தங்கச்சியம்மா முதலில் கத்தினார். "நான் என்ன சாமானா?"

"சாமானா இருந்தா இந்நேரம் டேப் ஒட்டியிருப்பேம்மா," என்றார் சகலை.

அந்தம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல புடவை மாற்றிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். முன்பக்கம் சகலை, பின்பக்கம் ஓர் ஆள், பக்கவாட்டில் நான். என் முதுகு நாற்காலியில் உட்காருவதற்கென்றே ஏற்பட்டது, தூக்குவதற்கு அல்ல. ஒவ்வொரு மாடியிலும் கதவைத் திறந்து வேடிக்கை பார்த்தவர்களிடமெல்லாம் அந்தம்மா நலம் விசாரித்ததில் என் தோள் கழன்றுபோனது.

வீட்டு வாசலில் அண்ணன் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். தங்கை அவரைப் பார்க்காமல் உள்ளறைக்குத் தூக்கிப்போகச் சொன்னார். சகலை அளவு நாடாவின் ஒரு முனையை அந்தம்மா கையில் கொடுத்து, பீரோவையும் வாசலையும் அவரையே அளக்க வைத்தார். அந்தம்மா இருமுறை அளந்தார்.

"அப்ப நிஜமாவே வராதா?"

"வராதும்மா."

"அண்ணி மகன் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலையா?" என்று சகலையிடம்தான் கேட்டார்.

"அவ அழுதுக்கிட்டேதான் விட்டுட்டுப் போனா," என்றார் அண்ணன்.

அந்தம்மாவின் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை நான் மறக்கவே மாட்டேன். "அப்ப அவளுக்கும் இல்லை!" என்றார். அவருக்குப் பீரோ வேண்டியதில்லை. அது அண்ணியிடம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். இதை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் என் முதுகு பிழைத்திருக்கும்.

"இனிமே யாருக்கு இது?"

சகலை அக்காவைக் காட்டினார். அக்கா கதவோரம் நின்றிருந்தார்.

"உன் துணியெல்லாம் இப்ப எதுல இருக்கு?"

"அட்டைப்பெட்டியிலம்மா. கல்யாணத்துலேர்ந்தே."

அந்தம்மா பீரோக் கதவைத் தடவினார். "எங்கம்மா ரொம்ப ஆசையா செஞ்சுக்கிட்டது. காலியா மட்டும் வெச்சுடாதே," என்றார். பிறகு அண்ணனைப் பார்த்து, "என்ன பார்த்துக்கிட்டு நிக்கறே? வக்கீலைக் கூப்பிடு," என்றார். எத்தனையோ வருஷம் கழித்து அவர் அண்ணனிடம் பேசிய முதல் பேச்சு அது. கடிகாரக்காரர் ஓடிய ஓட்டத்தில் செருப்பு ஒன்று வாசலிலேயே நின்றுவிட்டது.

அப்படியே நாற்காலியோடு பத்திர ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டார். எல்லாரும் கை குலுக்கிக்கொண்டிருக்கும்போதுதான் அவரை மறுபடி மூன்றாம் மாடிக்கு ஏற்ற வேண்டும் என்பது எனக்கு உறைத்தது.

அவரை ஏற்றிவிட்டு நாங்கள் திரும்பி வந்தபோது அக்கா லாரியிலிருந்த பெட்டிகளையெல்லாம் இறக்க வைத்து, பிரித்து, துணிகளைப் பீரோவில் அடுக்கி முடித்திருந்தார். சகலை அறைக்குள் வந்தார். நிறைந்த பீரோவைப் பார்த்தார். கை தானாக இடுப்புக்குப் போனது. சர்ரென்று டேப்பைக் கிழித்துக் கதவை ஒட்டிவிட்டார். ஒட்டியபிறகுதான் என்ன செய்தோம் என்று தெரிந்து திருதிருவென்று விழித்தார்.

அக்கா திட்டவில்லை. டேப்பை மெதுவாக உரித்தார். கணவரின் இடுப்பிலிருந்து சுருளைக் கழற்றினார். அதைப் பீரோவுக்குள் தன் புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினார்.

"நாளைக்கு வேலை இருக்கே?" என்றார் சகலை.

"கடையில வேற வாங்கிக்குங்க. அது லாரியோட இருக்கட்டும், வீட்டுக்குள்ள வரக்கூடாது," என்றார் அக்கா.