மௌன எழுத்துகளோடு தஞ்சாவூர் வண்டியில்

காலை 9.40. திருவாரூரிலிருந்து தஞ்சாவூர் பேருந்து புறப்பட்டது. ஐம்பத்தேழு கிலோமீட்டர், டிக்கெட் நாற்பத்தைந்து ரூபாய். நண்பர் வீட்டுப் புதுமனை புகுவிழாவில் மூக்குப்பிடிக்கச் சாப்பிட்டிருந்தேன். மாலை ரயிலில் சென்னை திரும்ப வேண்டும். நான் முப்பத்தொரு வருடம் ஆங்கில வாத்தியாராக இருந்தவன். ஓய்வு பெற்ற பிறகும் வாய் ஓயவில்லை.

எதிர் வரிசையில் ஒரு பெண் நோட்டைப் பிரித்து முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பெயர் மகேஸ்வரி, நாகப்பட்டினம் பக்கம் மீனவர் வீட்டுப் பெண், நர்ஸ். வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றுக்குத் தஞ்சாவூரில் பகல் பன்னிரண்டரைக்கு நேர்காணல். ஆங்கிலத்தில் பேசிக் காட்ட வேண்டும்.

"அப்பாவால இப்ப கடலுக்குப் போக முடியல சார். இந்த வேலை கெடச்சாதான் வீடு நிமிரும்."

நோட்டில் ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுதிவைத்திருந்தாள், ஓர் எழுத்தையும் வீணாக்காமல். ஆங்கில நிமோனியாவின் முன்னால் சத்தமில்லாமல் நிற்கும் 'பி' எழுத்தை வார்டிலேயே விழுங்கப் பழகியிருந்தாள். மற்ற இடங்களில் அது நடக்கவில்லை. கத்தி 'க்நைஃப்' ஆகியிருந்தது, தீவு 'ஐஸ்லண்ட்' ஆகியிருந்தது. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. எழுதியிருப்பதை வாசித்தே வளர்ந்த நம்மிடம், எழுது, ஆனால் வாசிக்காதே என்கிறது அந்த மொழி. 'ஓ-யு-ஜி-எச்' என்ற ஒரே நான்கெழுத்து வாலை வைத்துக்கொண்டு ஓரிடத்தில் 'தோ', ஓரிடத்தில் 'த்ரூ', ஓரிடத்தில் 'காஃப்', இன்னோரிடத்தில் 'இனஃப்' என்று ஆட்டம் காட்டுகிறது. ஏன் என்று கேட்ட பிள்ளைகளுக்கு நானும் ஒருநாளும் பதில் சொன்னதில்லை.

ஆனால் திருத்தத் தெரியுமே! கொரடாச்சேரி வருவதற்குள் அவளைப் பதினைந்து இடத்தில் நிறுத்தினேன். அவள் நோட்டை மூடிவிட்டாள்.

"வேணாம் சார். வாயத் தொறந்தாலே தப்பா வருது."

அதற்குப் பிறகு அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டு மணி நேரத்தில் பேச வேண்டிய பெண்ணின் வாயை அடைத்துவிட்டோமே என்று என்னையே நொந்துகொண்டேன்.

10.35. பெரிய சாலையில் வேலை நடந்ததால் வண்டி ஒரு கிளைச் சாலையில் திரும்பியது. சம்பா அறுவடைக் காலம். பாதிச் சாலை முழுக்க நெல் காய்ந்தது, ஓரத்தில் கல் அடுக்கியிருந்தார்கள். மிச்சப் பாதியில் எதிரே ஓர் அறுவடை இயந்திரம் வந்து நின்றது. இரண்டு பக்கமும் வாய்க்கால், பின்னால் போகவும் வழியில்லை. எங்கள் டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டார்.

"நெல்லு மேல டயர ஏத்தச் சொல்றீங்களா? அது மட்டும் நம்மால ஆவாது."

அரை மணி நேரம் போயிற்று. மகேஸ்வரி இறங்கி, நெல்லைக் காலால் துழாவிக்கொண்டிருந்த பெண்ணிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். நானும் பின்னால் போனேன். அந்தப் பெண்ணின் பெயர் எஸ்தர். நெல் அவருடையது.

"இங்கிலீஷ்லயா பேசணும்?" என்றார் எஸ்தர். "அப்ப எங்க நெல்லு எப்படிக் காயுதுன்னு இங்கிலீஷ்ல சொல்லு பாப்போம். நாங்க தள்ளிக்கிட்டே கேக்குறோம்."

"தப்பா வரும்க்கா."

"எங்களுக்கு என்ன தெரியப் போவுது? சொல்லும்மா!"

எஸ்தரோடு சேர்ந்து நான்கு பெண்கள் பலகைகளால் நெல்லை ஓரத்துக்குத் தள்ளத் தொடங்கினார்கள். மகேஸ்வரி முதலில் தயங்கினாள், பிறகு பேசினாள். வெயில், ஈரம், மழை வந்தால் தார்ப்பாய் எடுத்துக்கொண்டு ஓடுவது, எல்லாவற்றையும் சொன்னாள். ஊமையாக இருக்க வேண்டிய எழுத்துகள் பல சத்தம் போட்டன. என் நாக்கு துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன். அவள் முடித்தபோது பெண்கள் கைதட்டினார்கள். பேருந்து போகும் அளவுக்கு வழி பிறந்திருந்தது. தள்ளிய நெல்லை அவர்கள் மறுபடி பரப்ப வேண்டும், ஆனால் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. சென்னையில் என் பக்கத்து வீட்டுக்காரர் ஸ்கூட்டரை அரை அடி நகர்த்த மாட்டார். வண்டியிலிருந்து எஸ்தரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். உண்மையிலேயே நெஞ்சு நிறைந்திருந்தது.

பகல் 12.20. தஞ்சாவூர். மகேஸ்வரி என் எண்ணைக் குறித்துக்கொண்டு ஆட்டோ பிடித்து ஓடினாள்.

மாலை 5.15. ரயில் நிலையத்தில் இருக்கும்போது போன் வந்தது.

"எடுத்துட்டாங்க சார்!"

"என்னை மன்னிச்சிடும்மா. காலையில உன்னைப் பேசவிடாம செஞ்சது நான்தான்."

"ஐயோ, என்ன சார் நீங்க! அங்க நெல்லுகிட்ட நின்னு கடைசி வரைக்கும் கேட்டீங்களே. ஒரு வாத்தியார் குறுக்க பேசாம என் இங்கிலீஷ முழுசாக் கேட்டது அதான் சார் மொதத் தடவ. உள்ள போனதும் அதையே நெனச்சுக்கிட்டுப் பேசிட்டேன்."

ரயில் கிளம்பியது. என் வகுப்புகளில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். அவர்களில் யாரையாவது ஒரு தடவையாவது முழுதாகப் பேசவிட்டேனா? கும்பகோணம் தாண்டியும் அப்படிப் பேசவிட்ட ஒரு முகம்கூட நினைவுக்கு வரவில்லை.