கமலாவின் நட்சத்திரம்

அறுபதுகளில், புதுக்கோட்டையில் எங்கள் தெருவிலேயே பக்கத்து வீட்டு மரியம் அக்காவிடம் மட்டும்தான் ரேடியோ இருந்தது. ஞாயிறுதோறும் தொடர் நாடகம் கேட்க ஓடிவிடுவேன். ஒரு வாரம் கதாநாயகி கமலா பிரசவத்தில் மயங்கிக் கிடந்தாள். அத்தோடு நிறுத்திவிட்டார்கள்.

“அவ பொழச்சுட்டா தர்காவுல பாத்தியா ஓதி சர்க்கரை குடுக்குறேன்” என்றார் அக்கா.

“அது நாடகந்தானேக்கா” என்று சிரித்தேன்.

அடுத்த ஞாயிறு கமலா கண் திறந்தாள். அக்கா தெருவுக்கே சர்க்கரை கொடுத்தார். வாங்கிக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருந்தது. யாருக்கும் தெரியாமல் நானும் மாரியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை கோயிலில் பூசாரி அர்ச்சனைக்குப் பேர் கேட்டார். “கமலா” என்றேன்.

“நட்சத்திரம் என்னம்மா?”

நாடகத்தில் அதைச் சொல்லவே இல்லை. என் நட்சத்திரத்தையே சொல்லிவிட்டேன்.

அன்றிலிருந்து கமலாவும் ரோகிணிதான்.