பாதர் அன்செல்ம் குடிமகனான நாள்

ஒரு பொய்கூடச் சொல்லாமல் ஒரு மனிதனை அடிமையாக்க முடியுமா? முடியும். மேரிலாந்தில் எங்கள் ஊர்க் கோர்ட்டில் ஜூரியாக உட்கார்ந்து அதைப் பார்த்தவன் நான்.

பாதர் அன்செல்ம் பிரான்சுக்காரர். அங்கே புரட்சி அரசு பாதிரிகளிடம் கேட்ட விசுவாசச் சத்தியத்தை மனசாட்சிக்கு ஒவ்வாது என்று மறுத்து, தலைக்கு ஆபத்து வந்ததும் கப்பலேறியவர். பதினோரு வருடம் கோவேறு கழுதையில் புகையிலைத் தோட்டங்களைச் சுற்றி ஞானஸ்நானம் கொடுத்தார், பிணங்களைப் புதைத்தார். நான் சேணம் தைப்பவன், எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்த மறுப்புக்காக அவரை மதித்தேன்.

சட்டப்படி அந்நிய நாட்டவர் பெயரில் நிலம் இருக்கக்கூடாது. தம் பெயரிலிருந்த சிற்றாலய நிலத்தைக் காப்பாற்ற அவர் அமெரிக்கக் குடிமகனாக வேண்டும். அவருடைய நன்னடத்தைக்குச் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டவர் புகையிலைத் தோட்ட முதலாளி தார்ன்லி.

அதே நாளில் தார்ன்லியின் அடிமை நேஸின் மனுவும் விசாரணைக்கு வந்தது. தன் தாய் மோனிகா சுதந்திரமாகப் பிறந்தவள், ஆகவே தானும் அடிமையல்ல என்பது அவன் வாதம். ஆதாரம், ஆலயத்து ஞானஸ்நானப் பதிவேடு. முந்தைய ஞாயிறு பூசை முடிந்ததும் என் காதுபடவே பாதரிடம் கேட்டான்.

"சாமி, அந்தப் புக்க கோர்ட்டுக்கு எடுத்துட்டு வாங்க, போதும்."

"பாக்கலாம்ப்பா."

"உங்க கழுதையே இதவிட வேகமாப் போகும் சாமி."

விசாரணை நாள் காலையில் கோர்ட்டில் நேஸின் வக்கீல் கேட்டார்: "பதிவேடு கொண்டாந்தீங்களா பாதர்?"

"கொண்டு வரல."

உண்மைதான். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வக்கீல் கேட்கவில்லை. அதைக் கேட்க நான் எழப் போனேன். பக்கத்து ஜூரிக்காரன் என் கோட்டை இழுத்தான். "தார்ன்லி குதிரைக்கெல்லாம் சேணம் தைக்கிறவன் நீ. பேசாம உக்காருய்யா."

உட்கார்ந்தேன். நேஸ் அடிமையே என்று நாங்கள் பன்னிரண்டு பேரும் தீர்ப்புச் சொன்னோம்.

பிற்பகலில் தார்ன்லி சாட்சிக் கூண்டேறினார். "பதினோரு வருஷமாத் தெரியும் ஜட்ஜையா. வாயத் தொறந்தா உண்மையத் தவிர வேற வராது." பாதர் நற்செய்தி நூலின் மேல் கை வைத்தார். சத்தியம் செய்தார். குடிமகன் ஆனார்.

கோர்ட் வாசலில் பாதரிடம் கேட்டேன். "அந்தப் புக்குல எழுதியிருக்கா சாமி?"

"இருக்கு. 'மோனிகா, சுதந்திரமானவள்.' தெளிவான கையெழுத்து." அவர் தரையையே பார்த்தார். "அங்க தலையக் கொடுக்கத் துணிஞ்சேன். இங்க ஒரு துண்டு நிலத்துக்காக…"

தார்ன்லியின் வண்டி எங்களைக் கடந்தது. பின்பலகையில் நேஸ். "குடிமகனாயிட்டீங்களாமே சாமி. நல்லா இருங்க."

பாதரைத் திட்ட வாயெடுத்தேன். எந்த வாயால் திட்டுவது?

வசந்தத்தில் நேஸை ஜார்ஜியாவுக்கு விற்றுவிட்டார்கள். அவன் தங்கை ஹென்னி இப்போது மனுப் போட்டிருக்கிறாள். அதே தாய், அதே பதிவேடு. வரும் அமர்வின் ஜூரிப் பட்டியலில் உங்கள் பெயர் இருந்தால், யார் கோட்டை இழுத்தாலும் உட்காராதீர்கள். அந்தப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். எல்லோர் காதிலும் விழும்படி அதைப் படிக்கச் சொல்லுங்கள்.