பாக்கெட் பார்க்கும் ஜன்னல்

1. மேல்மாடி

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனி. இரண்டாயிரத்துக்குப் பிறகு ஓரிரு வருஷம் கழித்து அங்கே சேர்ந்தேன். பன்னிரண்டு கம்ப்யூட்டர், ஒரு சர்வர், எல்லாவற்றுக்கும் நான் ஒரு ஆள். படித்தது ஒன்பதாம் கிளாஸ் வரைக்கும். வேலூர் லாங் பஜார் பக்கத்தில் ஒரு கடையில் கேபிள் இழுத்துக் கற்றுக்கொண்ட வேலை. என்றைக்காவது யாராவது சர்டிபிகேட் கேட்பார்கள் என்று தினமும் பயந்தேன். ஒருத்தரும் கேட்கவில்லை. பயம் மட்டும் போகவில்லை.

என் ரூம் மேல்மாடியில். ஆபீஸிலிருந்து பதினாலு படி. ஏ.சி. சத்தம் தவிர வேறு சத்தம் கிடையாது. சாப்பாடும் அங்கேயே, தனியாக.

அப்போது ஒரு சாஃப்ட்வேர் கிடைத்தது. கம்ப்யூட்டர்கள் ஒன்றுக்கொன்று தகவலை பாக்கெட் பாக்கெட்டாகத்தான் அனுப்பும். நெட்வொர்க்கில் போகிற ஒவ்வொரு பாக்கெட்டையும் பிடித்து, யாரிடமிருந்து யாருக்கு, உள்ளே என்ன என்று வரி வரியாகக் காட்டும். எங்காவது கோளாறு வந்தால் மட்டும் போட்டுப் பார்க்க வேண்டிய சாமான். நான் அதைச் சர்வரிலேயே ஏற்றி, எல்லா அதிகாரமும் உள்ள அட்மினிஸ்ட்ரேட்டர் லாகினில், காலையில் வந்ததும் போட்டுவிடுவேன். சாயந்திரம் வரை ஓடும். கேட்டால் பாதுகாப்புக்கு என்று சொல்லியிருப்பேன். உள்ளதைச் சொன்னால், அது எனக்குத் துணை. எட்டு ஐம்பதுக்கு பேக்கிங் லிஸ்ட் அடிக்கிற ஜெசிந்தாவின் மெஷின் முதலில் வரும். பிறகு ஸ்டோர்ஸ். பிறகு மேனேஜர். ஒவ்வொருவராக உள்ளே வருகிற மாதிரி இருக்கும்.

ஜெசிந்தா ஒருத்திதான் இன்டர்காமில் கூப்பிட்டு, "டீ வந்துருச்சுண்ணா, ஆறிப்போவுது" என்று சொல்லுவாள்.

2. மூன்றரை மணி

ஒரு திங்கட்கிழமை மதியம் மூன்றரைக்கு சர்வர் அப்படியே நின்றது. மவுஸ்கூட அசையவில்லை. ஆஃப் பண்ணிப் போட்டேன். மறுநாளும் அதே மூன்றரை. புதன்கிழமையும் அதே. வெளிநாட்டு பார்ட்டிக்குப் போக வேண்டிய பேப்பர் எல்லாம் சர்வரில். லாரி கேட்டில் நின்றது.

மேனேஜர் நவாஸ் பாய் படியேறி வந்தார். அவர் மேலே வந்தது அதுதான் முதல் தடவை.

"இன்னாப்பா இது பேஜாரு? உனக்குத் தெரியுமா தெரியாதா, அத மட்டும் சொல்லு."

தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. சர்டிபிகேட்தான் ஞாபகம் வந்தது. திரை உறைந்து நின்றபோது என் சாஃப்ட்வேரில் கடைசி வரி எதுவென்று மூன்று நாளும் குறித்து வைத்திருந்தேன். மூன்று நாளும் ஜெசிந்தாவின் மெஷின்.

"ஜெசிந்தா மெஷின்லருந்து வருது பாய். வைரஸா இருக்கலாம்."

"ஃப்ளாப்பி எதுனா போட்டுச்சா அந்தப் பொண்ணு?"

"போட்டிருக்கலாம் பாய்."

இரண்டு 'லாம்'. அவர் காதில் விழுந்தது இரண்டு 'ஆமாம்'.

அவளைக் கூப்பிட்டு என்ன கேட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் கீழே இறங்கவில்லை. லெதர் அடுக்குகிற இடத்துக்கு மாற்றிவிட்டார்கள், நாள் முழுக்க நின்றபடி வேலை. மாசக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அவள் மெஷினை நான்தான் அலசினேன். வைரஸ் ஒன்றும் இல்லை. இருந்தாலும் ஃபார்மட் பண்ணினேன். சர்வர் நிற்பது நின்றது. எல்லாருக்கும் நிம்மதி. வைரஸ் இல்லாத மெஷின் எப்படி சர்வரைச் சாய்த்தது என்ற கேள்வி எனக்கு மட்டும் மிச்சம் இருந்தது.

3. பாய் மெஷின்

பத்து நாள் கழித்து லெதர் அளக்கிற மெஷினின் டெக்னீஷியன் வந்தார். அன்றன்றைக்கு எத்தனை ஸ்கொயர் ஃபீட் அளந்தது என்று நெட்வொர்க் வழியாக அனுப்ப ஒரு புரோகிராம் வைத்திருந்தார். "போன வாட்டி அந்தப் பொண்ணு மெஷின்ல போட்டேன், இப்ப காணோமே" என்று சொல்லி, மேனேஜர் மெஷினில் போட்டுவிட்டுப் போனார்.

மூன்றரைக்கு சர்வர் நின்றது. கடைசி வரி, நவாஸ் பாய் மெஷின்.

பாய் வைரஸ் கொண்டுவந்தார் என்று சொல்ல முடியாது. அப்போதுதான் பாக்கெட் பார்க்கிற என் சாஃப்ட்வேரை எழுதியவர்களின் வெப்சைட்டைத் திறந்தேன். இங்கிலீஷ் என்பதால் அதுவரை டவுன்லோட் பட்டனைத் தவிர எதையும் படித்ததில்லை. டிக்‌ஷனரியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் படித்தேன். பழைய வெர்ஷனில் ஓட்டை இருக்கிறது, ஒரு பாக்கெட் தன் நீளத்தைத் தப்பாகச் சொன்னால் சாஃப்ட்வேர் அதை நம்பி, முடிவில்லாமல் சுற்றி, மெஷினையே நிறுத்திவிடும் என்று போட்டிருந்தது. அளவு புரோகிராம் அனுப்பியது அப்படிப்பட்ட பாக்கெட். மற்ற மெஷின்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை. பிரித்துப் படிக்கப்போன என் சாஃப்ட்வேர்தான் மாட்டிக்கொண்டது. இன்னொன்றும் எழுதியிருந்தது. கெட்ட எண்ணத்தோடு ஒருத்தன் வேறு மாதிரி பாக்கெட் அனுப்பினால், அந்த மெஷினே அவன் கைக்குப் போகலாம், அதனால் அட்மினிஸ்ட்ரேட்டர் லாகினில் ஓட்டாதீர்கள் என்று. சர்வருக்கு நான் போட்ட காவலே அதில் இருந்த பெரிய ஓட்டை.

மறுநாள் சாஃப்ட்வேரை மூடி வைத்தேன். மூன்றரை தாண்டியது, ஒன்றும் ஆகவில்லை. அதற்கடுத்த நாள் திறந்து வைத்தேன். நின்றது.

மூடிவிட்டுச் சும்மா இருந்தால் யாருக்கும் தெரியாது. சனிக்கிழமை ஜெசிந்தாவுக்குக் கடைசி நாள். அன்று வியாழன்.

4. பதினாலு படி

வெள்ளிக்கிழமை, பாய் தொழுகை முடித்து வந்ததும் போய் நின்றேன். முழுவதும் சொன்னேன். ஒன்பதாம் கிளாஸையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். அதை யாரும் கேட்கவில்லை.

அவர் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "அப்ப என் மெஷின்லயும் வந்துச்சு. என்னையும் லெதர் அடுக்க அனுப்புவியா?"

"இல்ல பாய்."

"ஒம்போதோ பத்தோ, அது எனக்கு எதுக்கு? தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. இனிமே உன் பேச்சக் கேட்டு நான் ஒரு ஆளையும் மாத்த மாட்டேன். போ."

வேலை போகவில்லை. ஜெசிந்தா திங்கட்கிழமை தன் இடத்துக்கு வந்துவிட்டாள். நான் இறங்கிப்போய் அவள் முன்னால் நின்றேன். அவள் கோபப்பட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

"கீழ வந்து ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேண்ணா. மெஷின்காரர் வந்து ஃப்ளாப்பி போட்டாரு, தினம் மூணரைக்கு அளவு அனுப்புற பட்டன அமுக்கச் சொன்னாருன்னு நானே சொல்லியிருப்பேன்."

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இது. நெட்வொர்க் டிராஃபிக் பார்க்கிற சாஃப்ட்வேரும் ஒரு சாஃப்ட்வேர்தான், அதிலும் ஓட்டை இருக்கும். புது வெர்ஷன் போடுங்கள். சர்வரில் வேண்டாம், தனி மெஷினில், சாதா லாகினில், தேவைப்படும்போது மட்டும் ஓட்டுங்கள். பாக்கெட் எந்த மெஷினிலிருந்து வந்தது என்று அது சொல்லும். ஏன் வந்தது என்று அந்த மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பவரைத்தான் கேட்க வேண்டும்.

அந்த ஜன்னலை மூடிய பிறகு எட்டு ஐம்பதுக்கு யார் வந்தார்கள் என்று எனக்குத் தெரிவதில்லை. டீக்கு இன்டர்காம் அடிப்பதும் இல்லை. ஒரு மாதம் கழித்து ஒரு காலையில், மவுஸ் சரிபார்க்கிற சாக்கில் இறங்கிப் போனேன்.

"மவுஸ் நல்லாத்தாண்ணா இருக்கு" என்றாள் ஜெசிந்தா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நல்லாத்தான் இருந்தது. நான் மேலே ஏறி வந்துவிட்டேன்.