உட்கார்ந்தவனுக்கு எது இடது

பர்னபாஸ் அத்தான் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் ஆட்களைப் பார்ப்பதில்லை, சன்னலைத்தான் பார்ப்பார். ரங்கூன் ரயில்வே பட்டறையில் பதினோரு வருடமாக அவருக்கு ஒரே வேலை. பெட்டிகளின் மரச் சன்னல் பலகைகளுக்குக் கொண்டி மாட்டுவார். மாந்தலை வண்டியில் மழைச் சாரல் உள்ளே வரவில்லையென்றால் அது அவர் மாட்டிய கொண்டி. வந்தால் வேறு ஆள் மாட்டியது.

அவர் காதில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். நற்கருணை வாங்கப் போனபோதும் இருந்தது. சாமியார் எடுக்கச் சொன்னார். எடுத்து இன்னொரு காதில் வைத்துக்கொண்டார்.

அப்போது அவர் எனக்கு அத்தான் ஆகவில்லை. ஆவதென்று அவரும் என் அக்கா மக்தலேனாவும் தங்களுக்குள் முடிவு செய்திருந்தார்கள். எங்கள் அப்பா மரியஜோசப் முடிவு செய்யவில்லை. அப்பா ரயில்வேயில் கார்டு. வாரம் முழுக்கப் பச்சைக்கொடி, ஞாயிறு காலையில் மட்டும் கோயிலில் ஆர்மோனியம். இரண்டிலும் நேரம் பிசகாது.

பட்டறையில் கழித்துப் போட்ட தேக்குப் பலகையைக் கேட்டு வாங்கி, ஒரு வருடம் இழைத்து இழைத்து, அத்தான் கித்தார் செய்துகொண்டிருந்தார். அது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை.

"மழை பேஞ்சா சுதி எறங்கும், வெயில் அடிச்சா ஏறும். அதைச் செய்யறவனும் அப்படித்தான் இருப்பான்" என்றார்.

"இது நிக்கும், மாமா."

"நிக்குமா? சரி. மாதா திருநாளுக்கு முந்தின ஞாயிறு சாயங்காலம் கொண்டா. ஒரு பாட்டு முழுசாப் பாடி முடிக்கிற வரைக்கும் சுதி நின்னா, பொண்ணு உனக்கு. நிக்கலைன்னா அதை அடுப்புக்குக் குடுத்துட்டு வேற தெருப் பக்கமா நட."

அக்கா உள்ளே மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். அன்று பயறு குப்பைக்குப் போயிற்று, தோல் குழம்பில் கிடந்தது.

சுதி நிற்பதும் நிற்காததும் கித்தாரின் தலையில் இருக்கிறது. அந்தத் தலையில் இரண்டு நீளப் பிளவுகள். பிளவுக்குக் குறுக்கே தண்டுகள் ஓடும், கம்பி அதில் சுற்றிக்கொள்ளும். ஒரு பித்தளைத் தகட்டுக்கு மூன்று தண்டு, மூன்று பல் சக்கரம், முறுக்குவதற்கு மூன்று குமிழ். இப்படி இரண்டு தகடு. மொகல் தெருவில் காஜா மைதீன் கடைக்கு ஜெர்மன் கப்பலில் வந்த சாமான். காஜா மைதீன் இரண்டு பொட்டலமாகக் கட்டி, ஒன்றில் 'இடது' என்றும் மற்றதில் 'வலது' என்றும் எழுதிக் கொடுத்திருந்தார்.

எங்கள் வீட்டுச் சன்னல் சரியாக மூடவில்லை என்று காரணம் சொல்லிக்கொண்டு, அப்பா வண்டியோடு போன நாட்களில் அத்தான் வந்து தகடு மாட்டும் வேலையை எங்கள் கூடத்திலேயே நடத்தினார். அம்மா காவல். ஜெபமாலையில் மூன்றாவது மணிக்கு மேல் அம்மா தூங்கிவிடுவாள். அப்புறம் நான் காவல். எனக்கு வாய் மூட இரண்டு பலாச்சுளை.

தண்டுகளின் முனையில் அடுப்புக்கரி தடவினார். கித்தார் தலையின் பக்கவாட்டில் தாள் ஒட்டி, தகட்டை அதன்மேல் அமுக்கினார். மூன்று கறுப்புப் பொட்டு விழுந்தது. அந்தப் பொட்டின் நடுவில்தான் துளை. ஒரு மயிரிழை தள்ளிப் போனாலும் தண்டு இறுகிக்கொண்டு சுற்றாதாம். பிளவுக்குள் மரக்கட்டையை அடைத்துவிட்டுத் தமரால் துளை போட்டார், உள் ஓரம் பிய்யக்கூடாதென்று. ஆறு துளைக்கு மூன்று நாள். நான் ஒன்பது நாள் என்று நினைத்தேன், அத்தனை தடவை ஊதி ஊதிப் பார்த்தார்.

"ஜூடித், ஒரு துண்டு சவுக்காரம் கொண்டா."

"குளிக்கவா அத்தான்?" அத்தான் என்றால் அவருக்குக் காது சிவக்கும். அதற்காகவே கூப்பிடுவேன்.

"திருகாணிக்கு. தேக்குல சும்மா முறுக்கினா தலை ஒடிஞ்சுரும். சவுக்காரம் தடவினா வழுக்கிட்டு எறங்கும்."

"எங்கப்பா தலையிலயும் கொஞ்சம் தடவிப் பாருங்க."

அக்கா முந்தானையைக் கடித்துக்கொண்டாள்.

நான் போய் சவுக்காரக் கட்டியில் ஒரு துண்டு வெட்டிக்கொண்டு வந்தேன். ரொம்ப நறுவிசாக வெட்டியிருந்தேன், ஏனென்றால் கம்பியால் வெட்டினேன். அந்தக் கம்பி அத்தானின் பையிலிருந்து இரண்டு வாரத்துக்கு முன்னால் நான் எடுத்தது. ஒரே ஒரு மாற்றுக் கம்பி. காஜா மைதீன் வைக்க மறந்துவிட்டார் என்று அத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

தகடுகளைத் திருகும் முன் அத்தான் பொட்டலத் தாள்களை விரித்து வைத்து, 'இடது' 'வலது' இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன யோசனை?" என்றாள் அக்கா.

"இடது எதுன்னு."

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எனக்கே இடது தெரியும். ஆனால் ரயில்வேயில் விஷயம் வேறாம். கொண்டிப் பொட்டலத்தில் இடது என்று எழுதியிருந்தால், பெட்டிக்குள் உட்கார்ந்து வெளியே பார்க்கிற பயணிக்கு இடது. பிளாட்பாரத்தில் நிற்பவனுக்கு அது வலது. வேலையில் சேர்ந்த புதிதில் அத்தான் பிளாட்பாரத்தில் நின்று பார்த்து நாற்பது கொண்டி மாட்டி, நாற்பதையும் கழற்றினார். அதற்கப்புறம் தப்பே கிடையாது.

"இந்த வண்டிக்குப் பயணி யாரு?" என்று கித்தாரைக் காட்டிக் கேட்டார்.

"வாசிக்கறவரு" என்றேன்.

"அவரு வெளில இருக்கறவரு. உள்ள உக்காந்திருக்கறது பாட்டு. அது இந்த வட்ட ஓட்டை வழியா வெளிய பாக்குது. அப்ப அதுக்கு எது இடது?"

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. தகடுகளைப் பாட்டுக்கு இடது வலது பார்த்து மாட்டினார். திருகாணிகள் வழுக்கிக்கொண்டு இறங்கின. கம்பி கட்டி, குமிழை முறுக்கி, சுதி கூட்டினார். அதுவரை பட்டறை நண்பனின் கித்தாரில்தான் வாசித்திருக்கிறார், அதற்குச் சுதி கூட்டுவது அந்த நண்பன். ஆகையால் குமிழ் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவருக்கு அதுதான் முறை.

அந்த ஞாயிறு மழை கொட்டியது. அப்பா நீதிபதி ஒருவரைக் கூட்டி வந்திருந்தார். ஊமைப்படக் கொட்டகையில் கித்தார் வாசிக்கும் இனாயத்துல்லா பாய். பாய் கித்தாரை மடியில் வைத்து ஒவ்வொரு கம்பியாகத் தட்டினார்.

"இது கொஞ்சம் எறங்கியிருக்கு" என்று ஏற்றுவதற்காக முறுக்கினார். அது இன்னும் இறங்கியது. இன்னும் முறுக்கினார். கம்பி, பர்மாக்காரர் மீன்குழம்பில் போடும் மொஹிங்கா சேமியா மாதிரி தொங்கியது.

"என்னப்பா இது? சரி, இந்தச் சின்னக் கம்பி ஏறியிருக்கு" என்று அதை இறக்க முறுக்கினார். டப்பென்று அறுந்து அவர் தொப்பியைத் தட்டிவிட்டது.

அப்பா எழுந்தார். "ஏழே முக்காலுக்கு எனக்கு வண்டி. மாத்துக் கம்பி இருக்கா?"

"இல்லை மாமா" என்றார் அத்தான். காதிலிருந்த பென்சில் கீழே விழுந்தது. அவர் எடுக்கவில்லை. அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான் பின்கட்டுக்கு ஓடி, கம்பியை எடுத்து வந்து நீட்டினேன். "இருக்கு."

"எங்க இருந்துச்சு?" என்றார் அப்பா.

"சவுக்காரத்துக்குப் பக்கத்துல."

அத்தான் என்னை ஒரு பார்வை பார்த்தார். கைலியில் துடைத்துவிட்டுக் கட்ட ஆரம்பித்தார்.

"கட்டி என்ன பிரயோசனம்?" என்றார் பாய். "எல்லாம் உல்ட்டா. இந்தப் பக்கத்துத் தகட்டை அந்தப் பக்கம் மாட்டியிருக்கான். நான் பாத்த எந்தக் கித்தாரும் இப்படி இல்லை, மரியஜோசப்."

"ஏன் அப்படி மாட்டின?" அப்பா கேட்டார்.

அத்தான் தலை நிமிராமல் சொன்னார். "இடது வலதுன்னா உள்ள உக்காந்தவனுக்கு, மாமா."

அப்பா நின்றார். பிறகு உட்கார்ந்தார். பிறகு பாயின் பக்கம் திரும்பினார்.

"அவன் சொல்றது சரி."

"என்ன சரி?"

"உள்ள உக்காந்தவனுக்குத்தான் இடது. பிளாட்பாரத்துல நிக்கறவன் பேச்சைக் கேட்டு ரயில்வே நடக்காது."

"இது கித்தார்யா."

"ரயில்வே தேக்கு" என்றார் அப்பா. "நீ வாசி தம்பி."

அப்பா யாரையும் தம்பி என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அத்தான் அவருடைய முறைப்படி முறுக்கிச் சுதி கூட்டினார். மாதா பாட்டு, நான்கு சரணம். அப்பா வீட்டு ஆர்மோனியத்தில் ஒரே கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக் காதை நீட்டியிருந்தார். மழைச் சாரல் எங்கள் சன்னல் வழியாக உள்ளே வந்தது. அந்தச் சன்னலை ஒரு மாதமாக யாரும் சரி செய்யவில்லை என்று அப்போதுதான் அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். பாட்டு முடிந்தது. கட்டையும் கம்பியும் ஒன்றாகவே நின்றன.

அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். தொப்பியை மாட்டினார். கக்கத்திலிருந்த கொடிகளில் பச்சையை உருவி, அத்தானுக்கு ஒரு தடவை, அக்காவுக்கு ஒரு தடவை காட்டிவிட்டு மழையில் இறங்கிப் போனார்.

கல்யாணத்துக்கு வந்த பாய், தகடுகளை மாற்றிக் கொடுக்கிறேன் என்று ரொம்பக் கெஞ்சினார். அப்பா விடவில்லை. இன்று வரைக்கும் அந்தக் கித்தாரை வேறு யாராலும் சுதி கூட்ட முடியாது. இரவல் கேட்டு வந்தவர்கள் மறுநாளே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

அக்கா இப்போது ரயில்வே லைன் வீட்டில் இருக்கிறாள். அங்கே சாரல் வருவதில்லையாம். இங்கே நான் கத்தியால்தான் சவுக்காரம் வெட்டுகிறேன், கோணலாக வருகிறது. கம்பி கேட்டால் அத்தான் கொடுப்பார். கேட்டால், அவள் இல்லாத வீட்டில் எனக்கு ஒன்றும் நேராக வருவதில்லை என்று அக்காவுக்குத் தெரிந்துவிடும், தெரிந்தால் அழுவாள். அதனால் கோணலாகவே இருக்கட்டும்.