ஆடிட்டுக்குத் தயார் செய்த வீடு

அன்று மத்தியானம் எங்கள் வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், என் வீட்டுக்காரர், என் மகள், சாட்சிக்கென்று கூப்பிட்டிருந்த பக்கத்து வீட்டு பாய் சம்சாரம், திருப்பத்தூரிலிருந்து பைக்கில் வந்திருந்த விசாரணை சார். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்ததும் முதலில் கேட்டதே, “வேற யாருனா வீட்ல இருக்காங்களா?” என்றுதான். “இல்ல சார், நாங்க மட்டும்தான்” என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். ஆனாலும் பொய் சொன்னதுபோலத்தான் இருந்தது.

என் மகள் எம்.ஏ. முடித்து, டெல்லியில் ஒரு வேலைக்குத் தேர்வாகியிருந்தாள். நாட்டுப் பாதுகாப்பு சம்பந்தமான அலுவலகம். அங்கே என்ன செய்வார்கள் என்று கேட்டதற்கு, “ரிட்டயர்டான பெரிய பெரிய ஆபீசருங்கல்லாம் ஒக்காந்து யோசிப்பாங்கம்மா. எந்த நாட்டுக்காரங்கள உள்ள விடலாம், எந்த நாட்டு மெஷின வாங்கலாம், எதுல ஆபத்துன்னு எழுதி கவர்மெண்டுக்குக் குடுப்பாங்க. அவங்களுக்கு வேண்டியத படிச்சி எடுத்துக் குடுக்கறது என் வேலை” என்றாள். வேலையில் சேரும் முன் வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள். வருகிறவர் தப்பாக ஒரு வரி எழுதினால் போதும், வேலை போய்விடும். இதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் எட்டாவதோடு நின்றவள். ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் செக்‌ஷனில் பத்தொன்பது வருஷமாக இருக்கிறேன். விசாரணை என்றால் எனக்குத் தெரிந்தது ஆடிட் ஒன்றுதான். எங்கள் ஷூவை வாங்கும் வெளிநாட்டுப் பையர் கம்பெனியிலிருந்து ஆள் வருவதற்கு முதல் நாள், ஓவர்டைம் நோட்டை எடுத்து ஒளித்துவிடுவார்கள். பசை டப்பாவெல்லாம் பின்பக்கம் போய்விடும். சூப்பர்வைசர் எங்களை வரிசையாக நிற்கவைத்து, கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று பாடம் சொல்வார். கேட்டதுக்கு மட்டும் பதில், சிரிச்ச முகம், எட்டு மணி நேரம்தான் வேலை. பத்தொன்பது வருஷத்தில் ஒரு ஆடிட்டில்கூட நான் தப்பாகச் சொன்னதில்லை.

அதனால் வீட்டையும் அப்படியே தயார் செய்தேன். என் வீட்டுக்காரருக்கும் பாய் சம்சாரத்துக்கும் பதில்களைச் சொல்லிக் கொடுத்தேன். கடைசியாகச் சுவரில் மாட்டியிருந்த ஒரு போட்டோவைக் கழற்றி அரிசி டிரம்முக்குள் புதைத்தேன்.

அந்தப் போட்டோவில் என் மகளும் நானும் ஒரு சீனாக்காரரும் நிற்கிறோம். எங்கள் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் தையல் மெஷின் பூட்ட வந்த மெக்கானிக். காரம் தின்னத் தெரியாமல் வாடிப்போய் இருந்தவருக்கு மிளகாய் போடாமல் நான்தான் கேரியர் கட்டிக்கொண்டு போனேன். ஞாயிற்றுக்கிழமையில் வீட்டுக்கே வந்து சாப்பிடுவார். என் மகள் அப்போது காலேஜ் முதல் வருஷம். இங்கிலீஷில் பேசிப் பேசி எங்களுக்குச் சொல்வாள். அவர்கள் ஊர் வருஷப்பிறப்புக்கு, ஒரே மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று போனார். அதற்குள் கொரோனா வந்தது. அப்புறம் எல்லையில் தகராறு. அப்புறம் விசா கிடையாது என்றார்கள். அவர் பாதி பூட்டிய இரண்டு மெஷின்கள் இன்னும் தார்ப்பாய்க்குள்தான் கிடக்கின்றன.

“அந்த ஆளு இன்னா திருடனா? மாட்டியிருந்தா இருக்கட்டுமே” என்றார் என் வீட்டுக்காரர்.

“நீ சும்மா இரு. பொண்ணு வேலை போச்சுன்னா நீயா குடுப்ப?” என்றேன். மகள் அப்போது ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்தாள். நான் செய்தது எதுவும் அவளுக்குத் தெரியாது.

சார் கேள்விகளை ஆரம்பித்தார். நான் பதில் சொன்னேன். “நல்ல குடும்பம் சார், எந்த வம்புதும்புக்கும் போகமாட்டோம், வேலை உண்டு வீடு உண்டுன்னு இருப்போம்.” என் வீட்டுக்காரரைக் கேட்டார். அவரும் ஒரு சொல் மாறாமல் அதையே சொன்னார். பாய் சம்சாரத்தைக் கேட்டதும், அவள் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு ஒரே மூச்சில், “நல்ல குடும்பம் சார், எந்த வம்புதும்புக்கும் போகமாட்டோம்” என்று தொடங்கி, “போகமாட்டாங்க” என்று திருத்தினாள்.

சார் பேனாவை மூடினார். “இன்னாம்மா, மூணு பேரும் ஒரே பாட்டு பாடறீங்க? யாரு சொல்லிக் குடுத்தது?”

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அப்போது அவர் கண் சுவருக்குப் போனது. போட்டோ இருந்த இடம் மட்டும் அழுக்குப் படாமல் சதுரமாக வெளுத்திருந்தது. ஆணியையும் நான் பிடுங்கவில்லை.

“இங்க இன்னா படம் இருந்துச்சு?”

“சாமி படம் சார்.”

“எந்த சாமி?”

“மாதா” என்று நான் சொன்ன அதே நேரத்தில் என் வீட்டுக்காரர் “ஏசு” என்றார். இந்தக் கேள்விக்கு நான் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. சார் பாய் சம்சாரத்தைப் பார்த்தார். “அது அவங்க சாமி சார், எனக்கு எப்படித் தெரியும்? என்ன ஏன் பேஜார் பண்றீங்க?” என்று அவள் வாசல்பக்கம் நகர்ந்தாள்.

மகள் எழுந்து என் முன்னால் வந்து நின்றாள். “எங்கம்மா வெச்ச?” என்று மட்டும் கேட்டாள். என் கண் தானாக டிரம்மைப் பார்த்தது. அவள் அதற்குள் கையை விட்டுப் போட்டோவை எடுத்தாள். கண்ணாடியிலிருந்து அரிசி தரையெல்லாம் கொட்டியது. அதைச் சாரிடம் கொடுத்து, “ஃபாரத்துல எழுதியிருக்கேனே சார், அவர்தான் இவரு” என்றாள்.

சார் ஃபைலைப் பிரித்துக் காட்டினார். வெளிநாட்டுக்காரர் யாரையாவது தெரியுமா என்ற இடத்தில், அந்த மெக்கானிக்கைப் பற்றி என் மகள் ஏற்கெனவே நாலு வரி எழுதியிருந்தாள்.

“இதக் கேக்கத்தான்மா நான் இவ்ளோ தூரம் வந்தேன். உன் பொண்ணு தைரியமா எழுதிக் குடுத்துட்டு உக்காந்திருக்குது. நீ அரிசிக்குள்ள போட்டு மறைக்கற. இப்ப நான் இன்னான்னு எழுதறது, சொல்லு?”

மகளின் வேலையை என் கையாலேயே கெடுத்துவிட்டேன் என்று மட்டும் புரிந்தது. கடைசியில் அழுகையோடு, “அவளுக்குத் தெரியாது சார். ஆடிட்டுன்னு நெனச்சி நான்தான் பண்ணிட்டேன்” என்றேன். எங்கள் கம்பெனியில் ஆடிட் எப்படி நடக்கும் என்பதையும் உளறிவிட்டேன். சொன்ன பிறகுதான் என் வேலையும் போய்விடுமோ என்று இன்னொரு பயம் பிடித்தது.

அவர் மூடிய பேனாவை மறுபடி திறந்து, “அந்தாளோட காசு பணம் கொடுக்கல் வாங்கல் உண்டா?” என்றார்.

இல்லை என்று சொல்லத்தான் நாக்கு வந்தது. மகள் தலையாட்டவும் இல்லை, கண் காட்டவும் இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இருக்குது சார்” என்றேன்.

“எவ்ளோ குடுத்தாரு?”

“குடுக்கல சார். அவருதான் எனக்குக் குடுக்கணும். சோத்துக் காசு.”

சார் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். “உன் கையாலயே எழுது. பொண்ணு சொல்லித் தரக்கூடாது.” பள்ளியை விட்ட பிறகு நான் ஒரு பக்கம் முழுக்க எழுதியது அன்றுதான். படத்தை மறைத்ததையும் எழுதினேன். அவர் படித்துப் பார்த்து, மடித்து ஃபைலில் வைத்தார். நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை.

ஏழு வாரம் கழித்து வேலையில் சேரச் சொல்லி உத்தரவு வந்தது. மகள் டெல்லி போய்விட்டாள். போனில் ஒருநாள், “அந்த ரெண்டு மெஷின் சும்மா கெடக்குதே, உங்க பெரியவங்க கிட்ட சொல்லக்கூடாதா?” என்றேன். “போன்ல இதெல்லாம் பேசாதம்மா” என்று வைத்துவிட்டாள். அன்றிலிருந்து எது பேசலாம், எது பேசக்கூடாது என்று தெரியாமல் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்கிறேன். நான் எழுதிய தாள் அங்கே எந்த மேஜையில் இருக்கிறதோ, யார் எடுத்துப் படிக்கிறார்களோ. மறுபடி யாராவது வந்து கேட்டால் ஒரு எழுத்து மாறக்கூடாதென்று, தைத்துக்கொண்டே மனதுக்குள் சொல்லிப் பார்க்கிறேன். இருபத்து மூன்று நாள் சாப்பாடு, நாளைக்கு நூற்றைம்பது. அவர் இன்னும் தர வேண்டியது மூவாயிரத்து நானூற்றைம்பது ரூபாய்.