ஒருசந்தியும் ஒரு ரப்பர் வளையமும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எட்டு மணிப் பூசையில் என் மனைவி மயங்கி விழுந்தாள்.

எங்கள் பாலக்கரைப் பெண்கள் ஓடிவந்து தண்ணீர் தெளித்தார்கள். “ஈஸ்டர் முடிஞ்சும் டீச்சர் ஒருசந்தியை விடலையே... உடம்பு எப்படித் தாங்கும்?” என்று ஒருவர் அங்கலாய்த்தார்.

எனக்கு உள்ளூரப் பெருமை! தவக்காலத்தில் ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு விரதம் இருப்பதுதான் எங்களுக்கு ஒருசந்தி. இவளோ மூன்று வருடமாக, வருடம் முழுக்க, அரை வயிற்றுக் கஞ்சியோடு சரி. பங்குச் சாமியார் பிரசங்கத்திலேயே, “நம்ம பங்குல ஒரு டீச்சர் இருக்காங்க...” என்று எடுத்துச் சொன்னார். நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன்.

அன்று சாயங்காலம் அவள் மெல்ல ஆரம்பித்தாள்.

“என்னங்க... நான் போயிட்டா பாப்பாவை ஹாஸ்டல்ல சேத்துடாதீங்க. எங்க அக்கா பாத்துக்குவா.”

போவதா? எங்கே?

அழுகையும் உண்மையும் சேர்ந்து வந்தன. மூன்று வருடமாக, வெளிக்குப் போகும்போதெல்லாம் ரத்தம். அவளுடைய சின்னம்மாவுக்கு இப்படித்தான் ஆரம்பித்துக் கேன்சரில் முடிந்ததாம். சாப்பிட்டால்தானே போக வேண்டும்? அதனால் சாப்பாட்டைக் குறைத்திருக்கிறாள். ஊர் அதைப் பக்தி என்றது. கூடவே இருந்த நானும் அதையேதான் சொன்னேன். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

பாலக்கரையில் டாக்டருக்கா பஞ்சம்? ஆனால் தெரிந்தவர் கண்ணில் பட்டால்? காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கத்தில் ஒரு லேடி சர்ஜன் இருப்பதாகக் கேள்விப்பட்டோம். எங்கள் ஆபீஸ் சூப்பரின்டெண்டெண்ட் அந்த இடத்தில் ஆபரேஷன் செய்துகொண்டு, ஒரு மாதம் காற்றுத் தலையணை மேல் உட்கார்ந்து முனகியதைப் பார்த்தவன் நான். ஆகவே இரண்டு பேரும் ஒரு மாத லீவு லெட்டர் கொடுத்துவிட்டு, பெட்டி, படுக்கை, ஃபிளாஸ்க் சகிதம் பஸ் ஏறினோம்.

கிளினிக்கில் எங்கள் சர்ச் உபதேசியார் உட்கார்ந்திருந்தார்! அவரும் காவிரியைத் தாண்டித்தான் வந்திருந்தார். நாங்கள் அவரைப் பார்க்கவில்லை. அவரும் எங்களைப் பார்க்கவில்லை.

டாக்டருக்கு நாற்பது வயதிருக்கும். நெற்றியில் மெல்லிய ஸ்ரீசூர்ணக் கோடு. பரிசோதித்துவிட்டு என்னையும் உள்ளே கூப்பிட்டார்.

“கேன்சரெல்லாம் இல்லைம்மா. இது உள்மூலம். சாப்பிடாம இருந்தா மலம் இறுகிப் போகும், முக்க வேண்டிவரும். நீங்களே வளர்த்து விட்டிருக்கேள்!”

கேன்சர் இல்லை. அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டதும் என் மனைவி டாக்டர் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவேயில்லை.

“ஆபரேஷன் எப்போ டாக்டர்?” என்று நாங்கள் கொண்டுவந்த படுக்கையைக் காட்டிக் கேட்டேன்.

அவர் சிரித்தபடி ஒரு சின்னக் கறுப்பு வளையத்தை என் உள்ளங்கையில் வைத்தார். ரப்பர். ஒரு மிளகுகூட நுழையாது போலிருந்தது.

“புடைச்சிருக்கிற இடத்தோட கழுத்துல இதை விரிச்சு மாட்டிவிட்டா ரத்த ஓட்டம் நின்னுடும். ஒரு வாரம், பத்து நாள்ல தானா வாடி விழுந்துடும். கத்தி கிடையாது.”

“மயக்க மருந்து?”

“எதுக்கு? நான் மாட்டற இடத்துல வலி தெரியற நரம்பே இல்லை. வெறும் கனமா இருக்கற மாதிரி தோணும்.”

உடம்பில் ஊசி முனை பட்டால் துடிக்கிறோம்... அங்கே உள்ளே, ஒரு சின்ன இடத்தில் மட்டும் வலியை வைக்காமல் விட்டிருக்கிறார் படைத்தவர். அதைக் கண்டுபிடித்து, அங்கே போய் ஒரு வளையத்தை மாட்ட மனிதனுக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டில் எதை நினைத்து வியப்பது?

வெளியே காத்திருந்தேன். ஒரு ஜெபமாலை சொல்லி முடிப்பதற்குள் என் மனைவி நடந்து வந்தாள். நடந்து! ஒரு மாதத்துக்குக் கட்டிய மூட்டையை அன்று மத்தியானமே வீட்டுக்குத் தூக்கி வந்தோம். பஸ்ஸில் ஃபிளாஸ்க்கை அவள்தான் வைத்திருந்தாள்.

ஒன்பதாம் நாள் வளையம் விழுந்தது. மூன்று வாரம் கழித்து டாக்டர் இன்னொன்று மாட்டினார். இரும்புச்சத்து மாத்திரை, கீரை, பழம், நிறையத் தண்ணீர். நேற்று அவள் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கண் கலங்கிவிட்டது.

“மூணு வருஷம்! ஏன் எங்கிட்டகூட சொல்லல?” என்று கேட்டேன்.

“சொன்னா அடுத்த வாரமே பத்திரிகையில உங்க பத்தியில எழுதிடுவீங்க. எங்கப்பா குறட்டை விடறதுலேருந்து நான் குழம்பைத் தீய விட்டது வரைக்கும் ஊருக்கே தெரியும். இதையும் படிச்சுட்டு டீச்சர்ஸ் ரூம்ல சிரிப்பாங்கன்னு பயந்தேன்.”

இனி வீட்டு விஷயம் எழுதுவதேயில்லை என்று பேனாவை மூடி வைத்தேன். இன்று காலை அவளே அதைத் திறந்து என் கையில் கொடுத்தாள்.

“இதை எழுதுங்க. என்னை மாதிரி சாப்பிடாம செத்துக்கிட்டு இருக்கறவங்க எத்தனை பேரோ!”

அவளைக் கேட்டுவிட்டு நான் எழுதும் முதல் பத்தி இது.